சூளைமேல் பழி போடாதீர்கள்: மண்பாண்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கையால் வனையும் மண்பாண்டங்கள் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் ஒரே புலம்பல்தான். வெடித்துவிட்டது, விரிந்துவிட்டது, வளைந்துவிட்டது, சூளை சரியில்லை. நான் பார்த்தவரை சூளைக்குள் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை கலம் சூளைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை, நெருப்பு அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கீழே வரும் வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸ்.

கே: களிமண்ணில் ஒரு தலைச் சிற்பம் செய்து இரண்டு வாரம் காயவைத்தேன். சூளை பற்றவைத்த ஒரு மணி நேரத்தில் பட்டாசு மாதிரி வெடித்து, பக்கத்தில் இருந்த மற்றவர்களின் கிண்ணங்களையும் நொறுக்கிவிட்டது. மண்ணைச் சரியாகப் பிசையாததால் உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும் என்கிறார்கள். அப்படியா?

ப: காற்று பாவம், விட்டுவிடுங்கள். மண் வேலை கற்றுத்தரும் இடங்களில் எல்லாம் இந்தக் குமிழிக் கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது, நானும் முதல் சில வருடங்கள் அதை நம்பி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறையில் இருக்கும் காற்றை 300 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதுவும் மெதுவாக ஆகும், காய்ந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம் என்பதால் அவற்றின் வழியே கசிந்து போய்விடும். தண்ணீர் அப்படி இல்லை. 100 டிகிரியில் ஆவியாகும்போது அது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கிறது. அவ்வளவு ஆவியும் அந்தச் சின்னத் துளைகள் வழியே ஒரே நேரத்தில் வெளியேற முடியாமல் முட்டும்போதுதான் வெடிக்கிறது. வேண்டுமென்றே குமிழி வைத்து, நன்றாகக் காயவிட்டு, சுட்டும் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் சிற்பத்துக்கு வருவோம். தலை என்கிறீர்கள், உள்ளே குடைந்தீர்களா என்று எழுதவில்லை. குடையாமல் கட்டியாக விட்டிருந்தால் இரண்டு வாரம் போதவே போதாது, மேல்தோல் வெளுத்துக் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். மண் கொஞ்சம் இறுகியதும் தலையை இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, சுவரை இரண்டு விரல் கனத்துக்குள் கொண்டுவந்து திரும்ப ஒட்டியிருக்க வேண்டும். எங்காவது ஒரு சின்னத் துளையும் விட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், விரல் ஏமாறும், கன்னம் ஏமாறாது. சில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் சூளையை 80, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தே விடுங்கள். பார்வைத் துளைக்கு முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தால் அதில் பனி படியும். பனி நின்ற பிறகு ஏற்றுங்கள்.

பக்கத்தில் இருந்த கிண்ணங்களின் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கே: அப்படியானால் மண்ணை எதற்கு மணிக்கணக்கில் பிசைய வேண்டும்?

ப: மணிக்கணக்கில் வேண்டாம். கட்டியின் ஒரு பக்கம் இறுகலாகவும் இன்னொரு பக்கம் நெகிழ்வாகவும் இருந்தால் சக்கரத்தில் அது கையைத் தள்ளிவிடும், மையத்துக்கே வராது. எல்லா இடமும் ஒரே பதமாக வரும்வரை பிசைந்தால் போதும். குமிழி இருந்தால் வனையும்போது விரலில் தட்டும், சுவர் அந்த இடத்தில் மெலியும். தொந்தரவு அங்கேதான், நெருப்பில் அல்ல. கம்பியால் கட்டியை இரண்டாக அறுத்துப் பாருங்கள், வெட்டிய முகம் வெண்ணெய் மாதிரி இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

கே: கடையில் பாக்கெட் மண் வாங்காமல் தோண்டி எடுத்த மண்ணிலேயே செய்ய ஆசை. எந்த மண் ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: நல்ல ஆசை. தோண்டிய மண்ணை முதலில் நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு தண்ணீரில் போடாதீர்கள், காரணம் பின்னால் இன்னொரு கேள்வியில் வருகிறது. காய்ந்ததை உடைத்துத் தண்ணீரில் போட்டால் தானாகவே பொலபொலவென்று உதிர்ந்து குழம்பாகும். சல்லடையில் வடிகட்டி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டுத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பதத்துக்கு வந்ததும் பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரியாமல் சுற்றிக்கொண்டால் வனைய ஆகும். மேல்பக்கம் பிளந்தால் மண்ணில் களி குறைவு, மணல் அதிகம். ரொம்ப வழவழப்பாக, கையை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் தொல்லைதான், காயும்போது தாறுமாறாகச் சுருங்கும்.

எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க ஒரு பட்டை மண்ணில் 10 சென்டிமீட்டருக்குக் கோடு கிழியுங்கள். காய்ந்ததும் அளந்து பாருங்கள், சுட்டபின் திரும்பவும் அளந்து பாருங்கள். கடைசியில் 9 சென்டிமீட்டர் இருந்தால் 10 சதவீதம் சுருங்கியிருக்கிறது, மூடியும் ஜாடியும் செய்பவருக்கு இந்த ஒரு எண் இல்லாமல் வேலையே நடக்காது. சுருக்கம் அதிகம் என்றால் மணலோ, சுட்ட பானை ஓடுகளை இடித்த தூளோ சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது ஓட்டுத் தூள், ஏற்கெனவே சுட்டது என்பதால் அது திரும்பச் சுருங்காது.

ஒரு எச்சரிக்கை. மண்ணில் சுண்ணாம்புக் கல் துணுக்குகள் இருக்கக் கூடாது. சுடும்போது அவை சுட்ட சுண்ணாம்பாக மாறி அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். கலம் அழகாக வெளியே வரும், நீங்களும் நாலு பேருக்குக் காட்டுவீர்கள், அதற்குள் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, சில நாள் கழித்து மேற்பரப்பில் அம்மைத் தழும்பு மாதிரி சில்லுச் சில்லாகப் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்த குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அதுதான் குற்றவாளி. என் முதல் தோண்டிய மண் இப்படித்தான் போனது, மொத்த அடுக்கும். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இன்னும் மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் தோண்டுங்கள்.

கே: சக்கரம் வாங்க வசதியில்லை. கையாலேயே செய்வது இரண்டாம் தரம்தானே?

ப: யார் சொன்னது? சீனாவின் சியான்ரென்தோங் குகையில் கிடைத்த பானை ஓடுகளுக்குச் சுமார் 20,000 வயது. ஜப்பானின் ஜோமோன் பானைகளும் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. சக்கரம் வந்து ஐந்தாறாயிரம் வருடங்கள்தான் ஆகின்றன. அதாவது மனிதர்கள் பானை செய்த காலத்தில் பெரும்பகுதி சக்கரம் இல்லாமலேயே கழிந்திருக்கிறது. ஆள் உயர ஜாடியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் எடுக்க முடியாது, திரி திரியாக அடுக்கித்தான் ஏற்ற வேண்டும்.

உருண்டையில் கட்டைவிரலை அழுத்திக் கிண்ணமாக்குவதில் ஆரம்பியுங்கள். அப்புறம் திரி. ஒவ்வொரு சுற்றையும் கீழ்ச் சுற்றோடு உள்ளேயும் வெளியேயும் விரலால் இழுத்துத் தேய்த்து இணைக்க வேண்டும், வெளியே மட்டும் வழித்துவிட்டு உள்ளே விட்டால் காயும்போது சுற்றுக்குச் சுற்று பிரிந்துவரும். மூன்று நாலு சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, கீழே கொஞ்சம் இறுகிய பிறகு மேலே ஏறுங்கள், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் தொப்பை போட்டு உட்கார்ந்துவிடும். உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத்தட்டால் தட்டினால் சுவர் மெலிந்து நெருக்கமாகும், அப்படித் தட்டி எடுத்த பானையின் கனமின்மை சக்கரத்தில் செய்ததற்குச் சளைத்ததல்ல.

கே: சக்கரத்தில் வனையும் எல்லாக் கிண்ணத்துக்கும் அடியில் வளைந்த ஒரு விரிசல் விழுகிறது. சூளை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

ப: சூளையை மாற்றி என்ன செய்ய, விரிசல் சக்கரத்திலேயே போட்டாயிற்று. சுவரை மேலே இழுக்கும்போது இரண்டு கைக்கும் நடுவில் மண் அழுந்தி நெருக்கமாகிறது. அடிப்பகுதிக்கு அந்த அழுத்தம் கிடைப்பதே இல்லை. போதாக்குறைக்கு வனையும்போது உள்ளே தேங்கும் தண்ணீரும் அங்கேயே நின்று ஊறுகிறது. சுவர் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடி கடைசியில், தனியாக, அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது. இடம் இல்லாமல் கிழிகிறது. சக்கரம் சுற்றும்போது மண் முறுக்கிக்கொண்டிருப்பதால் அந்தக் கிழிசலும் பாம்பு மாதிரி வளைந்து விழுகிறது.

சக்கரத்தில் மண்ணின் நடுவைக் குழித்துத் திறந்தவுடனே, சுவரை இழுப்பதற்கு முன்னால், அடியை விரலாலோ மரச்சில்லாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் நாலைந்து முறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். முடிக்கும்போது ஸ்பாஞ்ச் வைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை ஒற்றி எடுத்துவிடுங்கள். கம்பியால் அறுத்தெடுத்து, விளிம்பு தாங்கும் அளவுக்கு இறுகியதும் கவிழ்த்துக் காயவையுங்கள். அதோடு முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அடி எவ்வளவு கனம்? சுவர் போல இரண்டு மடங்கு என்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது, அடிப்பகுதியைச் செதுக்கிக் குறையுங்கள்.

கே: கோப்பையின் கைப்பிடி காயும்போதே கழன்று விழுகிறது.

ப: கோப்பை இறுகிவிட்டது, கைப்பிடி பச்சையாக இருக்கிறது, ஆளுக்கொரு வேகத்தில் சுருங்கினால் பிரியத்தான் செய்யும். இரண்டும் தோல் பதத்தில், அதாவது தோல் மாதிரி இறுகியும் உள்ளே ஈரம் மிச்சமிருந்தும், ஒரே ஈரமாக இருக்கும்போது, ஒட்டும் இடத்தைக் கீறிவிட்டு, அதே மண்ணின் குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க பிளாஸ்டிக் பைக்குள் மூடி வையுங்கள், ஈரம் தாங்களாகவே சமரசம் செய்துகொள்ளும்.

கே: தட்டு விளிம்பு கொஞ்சம் வளைந்திருந்தது. காய்வதற்குள் நேராக்கிவிட்டேன். சுட்டபின் திரும்பவும் அதே இடத்தில் வளைந்திருக்கிறது!

ப: மண் மறக்காது. களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடுகள், நீங்கள் அழுத்திய திசைக்கு ஏற்ப அவை அடுக்கிக்கொள்ளும், பிறகு நிமிர்த்தினாலும் உள் அடுக்கு பழைய மாதிரியே நிற்கும். சூட்டில் சுருங்கும்போது அது தன் வழிக்கே இழுக்கும். நிமிர்த்தும்போது கொஞ்சம் எதிர்ப்பக்கமாக அதிகமாகவே வளைத்துவிட்டு விடுவது ஒரு தந்திரம், சில சமயம் பலிக்கும். தட்டைத் தூக்கும்போதே பலகையோடு தூக்குவதுதான் சரி.

கே: முதல் சூட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நண்பர் 5 மணி நேரம் போதும் என்கிறார், வகுப்பில் 12 என்கிறார்கள்.

ப: மெல்லிய கோப்பைக்கு நண்பர் சொல்வது நடக்கும், கனமான ஜாடிக்கு 12 மணி நேரம்கூட அவசரம்தான். நேரத்தை மனப்பாடம் செய்வதைவிட உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே முடிவெடுக்கலாம்.

பிசைந்த மண்ணில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்குகூடத் தண்ணீர்தான். துகள்களுக்கு நடுவே இருந்து அவற்றை வழுக்கவிடும் தண்ணீர் முதலில் போகிறது, மண் சுருங்குவது அப்போதுதான், விரிசல்கள் விழுவதும் அப்போதுதான். அப்புறம் துளைகளில் தங்கியிருக்கும் தண்ணீர். இது போகும்போது சுருக்கம் இல்லை, ஆனால் முழுசாகப் போகாமல் 100 டிகிரியைத் தாண்டினால் மேலே சொன்ன பட்டாசு. இந்த இரண்டும் போன பிறகும், வெயிலில் ஒரு மாதம் கிடந்த மண்ணிலும், தண்ணீர் இருக்கிறது. மண்ணின் வேதியியலிலேயே கட்டுண்டு கிடப்பது அது. சுத்தமான வெள்ளைக் களியில் எடையில் சுமார் 14 சதவீதம் இருக்கும். 450 டிகிரியிலிருந்து 600 டிகிரி வரைக்குள் அது விடுபட்டு வெளியே வரும். அது போனபிறகு மண் மண்ணாக இல்லை, ஒரு வருடம் தண்ணீரில் ஊறப்போட்டாலும் குழம்பாகாது. அதற்குக் கீழே நிறுத்திவிட்டால் பசுமண் கலத்தில் தண்ணீர் ஊற்றி வைத்த கதைதான்.

573 டிகிரியில் இன்னொரு விஷயம். மண்ணில் இருக்கும் படிக மணல் அந்த வெப்பத்தில் திடீரென்று கொஞ்சம் உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பகுதியை மெதுவாகக் கடக்க வேண்டும். அப்புறம் மண்ணில் இருக்கும் இலைதழை மக்குகளின் கரி எரிந்து முடிய வேண்டும், 700 முதல் 900 டிகிரி வரை காற்று நன்றாகப் போய்வர விடுங்கள். அவசரப்பட்டால் உடைத்துப் பார்க்கும்போது நடுவில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அந்தக் கரி மிச்சமிருந்து, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சுக்கான இரண்டாம் சூட்டில் வாயுவாகக் கிளம்பினால் சுவர் கொப்புளம் போடும். 950, 1,000 டிகிரியில் முதல் சூட்டை முடித்துக்கொள்ளலாம். ஆக, 600 வரை நிதானம், அதற்குமேல் கொஞ்சம் வேகம் காட்டலாம். நான் முதல் சூட்டுக்கு 10 மணி நேரத்துக்குக் குறைந்து ஏற்றுவதில்லை, பயந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: வீட்டு அவனில் சுடலாமா?

ப: முடியாது. அது 250 டிகிரியோடு நின்றுவிடும். காயவைக்கலாம், அவ்வளவுதான்.

கே: சூளையே இல்லாமல் சுட வழி உண்டா?

ப: உண்டு, மிகப் பழைய வழி அதுதான். திறந்தவெளியில் அடுக்கிச் சுடுவது. பார்க்க எளிது, செய்யக் கடினம், ஏனென்றால் மின்சூளையில் பத்து மணி நேரம் ஏறும் சூடு இதில் சில நிமிடங்களில் ஏறிவிடும். அதனால் மண்ணிலேயே தயாரிப்பு வேண்டும். மணலோ ஓட்டுத் தூளோ தாராளமாகக் கலந்த சொரசொரப்பான மண், சீரான மெல்லிய சுவர். பீங்கான் களியைக் கொண்டுபோய் இதில் வைத்தால் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டுதான் வருவீர்கள்.

காற்று அடிக்காத நாளாகப் பாருங்கள். கலங்களை முதலில் ஒரு சின்ன நெருப்பைச் சுற்றி வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடாக்குங்கள், கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, கலத்தின் நிறம் மாறும்வரை. தரையில் விறகு பரப்பி, அதன்மேல் கலங்களை வாய் கவிழ்த்து அடுக்கி, சுற்றியும் மேலேயும் வறட்டியோ மெல்லிய விறகோ வைத்து, அதற்குமேல் உடைந்த பானை ஓடுகளால் மூடி, வெளியே வைக்கோல் போர்த்தலாம். பற்றவைத்தபின் கிளறக் கூடாது. ஒரு பக்கம் எரிந்து திறந்துகொண்டு குளிர்காற்று கலத்தில் நேராக அடித்தால் டப் என்ற சத்தம் கேட்கும், உடனே அங்கே வைக்கோல் போட்டு மூடுங்கள். ஈரம் இருந்த கலம் முதல் பத்து நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 600 முதல் 900 டிகிரி வரை போகும். இருட்டும் நேரத்தில் பார்த்தால் கலங்களே மங்கிய சிவப்பாக ஒளிரும், அந்த நிறம் தெரிந்தால் மண் மாறிவிட்டது என்று நம்பலாம். சாம்பலுக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

இப்படிச் சுட்டது தண்ணீர் கசியும், அது குறையல்ல, வெளியே கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே இருப்பது குளிர்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெருப்பின்மேல் நேராக வைத்துச் சமைக்க, 1,250 டிகிரியில் சுட்ட அழுத்தமான கலத்தைவிட இந்தச் சொரசொரப்பான, குறைந்த சூட்டில் சுட்ட சட்டிதான் தாங்கும். ஒரு நுண்ணிய கீறல் கிளம்பினாலும் வழியில் ஒரு துளையோ மணல் துணுக்கோ குறுக்கே நின்று அதைத் தடுத்துவிடுகிறது. அழுத்தமான கலத்தில் தடுக்க ஆள் இல்லை, கீறல் ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

கே: ஒரே மண்தான். ஒரு முறை சிவப்பாக வருகிறது, ஒரு முறை கறுப்புத் திட்டுகளோடு வருகிறது. ஏன்?

ப: மண்ணில் இருக்கும் இரும்பு. காற்று தாராளமாகக் கிடைத்தால் அது துருவின் சிவப்பை எடுத்துக்கொள்ளும். காற்று போதாமல் புகை சூழ்ந்தால், நெருப்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனை மண்ணின் இரும்பிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும், இரும்பு கறுக்கும், கரியும் துளைகளில் ஏறும். திறந்தவெளிச் சூட்டில் விறகு உரசிய இடமெல்லாம் கறுப்பு மேகம் மாதிரி திட்டு விழுவது இதனால்தான். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய கலத்தில் அந்தத் திட்டுகள் எனக்கு எந்தச் சாயத்தையும்விடப் பிடிக்கும்.

பழைய கிரேக்கக் குயவர்கள் இதை வைத்து வித்தையே காட்டியிருக்கிறார்கள். கறுப்பு உருவங்கள் வரைந்த அந்தச் சிவப்புப் பானைகளில் கறுப்புச் சாயம் எதுவும் கிடையாது, மிக நுண்ணிய மண்குழம்பால்தான் வரைந்திருக்கிறார்கள். ஒரே சூட்டில் முதலில் காற்று விட்டு, பிறகு காற்றை அடைத்துப் புகைவிட்டு எல்லாவற்றையும் கறுப்பாக்கி, கடைசியில் திரும்பக் காற்று விட்டால், துளைகள் உள்ள பானை உடல் திரும்பச் சிவக்கும். நுண்ணிய குழம்பு பூசிய இடம் அதற்குள் கண்ணாடி போல மூடிக்கொண்டிருக்கும், காற்று நுழையாது, கறுப்பாகவே நிற்கும். வெப்பமானி இல்லாத காலத்தில்!

கே: கோன் 06, கோன் 6 இரண்டும் ஒன்றுதானே? பூஜ்யம் முன்னால் வந்தால் என்ன?

ப: ஐயோ, வேண்டாம். 06 என்றால் சுமார் 1,000 டிகிரி. 6 என்றால் சுமார் 1,220. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் 06க்குப் பதில் 6 என்று அழுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். உள்ளே இருந்தது செம்மண் கலங்கள். மறுநாள் திறந்தால் பானைகளைக் காணோம், சூளைத் தட்டுகளின்மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ உருகி வழிந்து, பொங்கி, உறைந்துபோய்க் கிடந்தது. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிக்காரனுக்கு ஒரு நிமிட வேலை என்பார்கள், அன்று இரண்டு பேரும் நானே.

இந்தக் கோன் என்பது மண்ணும் அதை உருகவைக்கும் பொருள்களும் அளந்து கலந்து செய்த சின்னக் கூம்பு. குறிப்பிட்ட அளவு சூடு ஏறியதும் நுனி சாய்ந்து வளையும். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் சீகர் 1886இல் கொண்டுவந்தது, அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896இல் தன் வரிசையைத் தொடங்கினார். முதலில் ஒன்றிலிருந்து மேல்நோக்கித்தான் எண்கள் இருந்தன. அதற்குக் கீழான சூட்டுக்கும் கூம்பு தேவைப்பட்டபோது எண் மிச்சமில்லை, பூஜ்யத்தை முன்னால் ஒட்டிக் கீழ்நோக்கி எண்ணினார்கள். அதனால்தான் 06ஐவிட 04 அதிகச் சூடு.

டிஜிட்டல் வெப்பமானி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். வெப்பமானி அந்த நொடியின் வெப்பத்தை மட்டும் சொல்லும், அதுவும் தன் முனை இருக்கும் இடத்தில். மண் எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் வெந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கெடுப்பது கூம்புதான். மெதுவாக ஏற்றினால் கொஞ்சம் குறைந்த டிகிரியிலேயே வளைந்துவிடும். மேல்தட்டு, நடு, கீழ்த்தட்டு என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் சூளை எந்த மூலையில் உங்களை ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

கே: கிளேஸ் போட்ட கிண்ணம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. உளியால் எடுக்க வேண்டியதாயிற்று.

ப: கிளேஸ் என்பது கலத்தின்மேல் உருகி ஓடும் கண்ணாடி. மணலின் சிலிக்காதான் அதன் உடம்பு, தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் கேட்கும், நம் சூளைகள் அங்கே போகாது. சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, போரான் மாதிரி உருக்கிகளைச் சேர்த்து அதைக் கீழே இறக்குகிறோம், வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்ள அலுமினா, அதாவது களி, சேர்க்கிறோம். கனமாகப் பூசினாலோ சூடு கொஞ்சம் மிஞ்சினாலோ கீழே வழியும். அடியையும் அதற்குமேல் அரை சென்டிமீட்டரையும் ஸ்பாஞ்ச் வைத்துச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். தட்டுக்கு அலுமினாவும் வெள்ளைக் களியும் கரைத்துப் பூசி வையுங்கள்.

காரீயம் கலந்த கிளேஸ் சாப்பிடும் பாத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். பளபளப்பு அருமையாக வரும், புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும்.

கே: உடைந்த பச்சைக் கலங்களைத் திரும்பப் பயன்படுத்தத் தண்ணீரில் போட்டேன். ஒரு வாரமாகியும் கட்டி கட்டியாகவே கிடக்கிறது.

ப: பாதி ஈரத்தில் போட்டிருப்பீர்கள். ஈரமாக இருக்கும் மண்ணின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் புதுத் தண்ணீர் உள்ளே போக இடமில்லை. எலும்பு போலக் காயவிட்டுப் போடுங்கள், அரை மணி நேரத்தில் கரைந்து உட்காரும். காய்ந்த மண்ணை உடைக்கும்போது முகமூடி போடுங்கள், வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், வெளியே வராது.

கே: சூளையை எப்போது திறக்கலாம்? காத்திருக்கப் பொறுமை இல்லை.

ப: யாருக்குத்தான் இருக்கிறது. ஏற்ற எடுத்த நேரத்தைவிட ஆற அதிக நேரம் எடுக்கும், அதை இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். 573இல் படிக மணல் சுருங்கும் என்று சொன்னேன், உயர்ந்த சூட்டில் சுட்ட மண்ணில் 220 டிகிரிக்குப் பக்கத்தில் இன்னொரு வகைப் படிகம் அதேபோலத் திடீரென்று சுருங்கும். அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் கலம் விளிம்பிலிருந்து அடிவரை சுத்தமாகப் பிளக்கும், விளிம்புகள் கத்தி மாதிரி கூராக இருக்கும். வெடிப்பைப் பார்த்தே எப்போது விழுந்தது என்று சொல்லிவிடலாம். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் உருகி வழவழப்பாகச் சுருண்டிருந்தால் சூடு ஏறும்போதோ அதற்கு முன்போ விழுந்தது, கிளேஸும் சேர்ந்து கூராக உடைந்திருந்தால் ஆறும்போது விழுந்தது.

ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ராகு முறையில் கலத்தைச் செக்கச்சிவக்க இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுக்கிறார்களே என்று கேட்காதீர்கள். அதற்கென்று சொரசொரப்பாகக் கலந்த மண் அது, அப்படியும் சில உடையத்தான் செய்யும்.

நான் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடுவதில்லை. திறந்ததும் உள்ளேயிருந்து டிங், டிங் என்று சின்ன மணிச்சத்தம் கேட்டால், கிளேஸ் கலத்தைவிட அதிகமாகச் சுருங்கி மயிரிழை மயிரிழையாக விரிந்துகொண்டிருக்கிறது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு ராத்திரிக்கு அப்புறம் வாருங்கள். அப்புறமும் சத்தம் நிற்கவில்லை என்றால் அந்தக் கிளேஸும் அந்த மண்ணும் ஒத்துப்போகவில்லை. கிளேஸில் சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எனக்கு எழுதும்போது சுவர் எவ்வளவு கனம், எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை மணிக்குச் சூளையை அணைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'விரிந்துவிட்டது' என்று ஒரு வரி மட்டும் அனுப்பினால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?